பன்னிரண்டு கட்டிலும் ஓர் உள்தாழ்ப்பாளும்

திருவொற்றியூர்,
ஜய வருஷம் ஆவணி 10 (26-8-1954)

உடன்குடியில் வாழும் அன்பும் மதிப்பும் நிறைந்த மைத்துனர் ராசையா அவர்கள் சமூகத்துக்கு, ராயபுரம் கருப்பட்டி மண்டி ஆறுமுகநயினார் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. செந்தூர் ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே நானும் மண்டியும் நலம். தங்கள் தங்கை சீனியம்மாளும் நலம். அங்கே தாங்களும் மதினியும் பிள்ளைகளும் பனங்காடும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இப்போது எழுதுகிற காரியம் என்னவென்றால், எனக்கு அவசரமாக நான்கு நர்ஸுகள் தேவை. பதற வேண்டாம், எனக்கு ஒரு நோயும் இல்லை.

துறைமுகத்திலும் ஆலைகளிலும் கை கால் முறிந்து படுத்துவிட்ட தொழிலாளிகளை மறுபடி நடக்கவைப்பதற்காக எங்கள் வியாபாரிகள் தரும சபை சார்பில் இங்கே ஒரு புனர்வாழ்வு ஆஸ்பத்திரி திறந்த சேதி தங்களுக்குத் தெரியும். திறப்புவிழாப் போட்டோ அனுப்பியிருந்தேன், அதில் பெரிய மாலைக்குப் பின்னால் நிற்பது நான்தான். பழைய உப்புக் கிடங்கு ஒன்றைப் பிடித்து, வெள்ளையடித்து, பன்னிரண்டு இரும்புக் கட்டில் போட்டு, பன்னிரண்டு நோயாளிகளையும் கொண்டுவந்து படுக்கவைத்து, வாசலில் சபையார் பெயரைக் கல்லில் வெட்டி, எல்லாம் குறைவில்லாமல் செய்தோம். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும் என்பது மட்டும் விழா முடிந்து, பந்தல் பிரித்த பிறகுதான் எங்களுக்குத் தோன்றியது. வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம் வந்து போகிற டாக்டர், கைகழுவத் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் தானே ஊற்றிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "மருந்தால் ஆகிற காரியம் இங்கே கொஞ்சம்தான். இவர்களைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் புண் வராமல் பார்க்க நர்ஸ் வேண்டும். விறைத்துப்போன கையையும் காலையும் பழக்கி எடுக்க பிசியோதெரபிஸ்ட் வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் இது ஆஸ்பத்திரி இல்லை, கட்டில் கடை."

இதை நான் சபை கமிட்டியில் வைத்தேன். கமிட்டி என்றால் மூன்று பேர்: தலைவர் எண்ணெய்க் கடை சிவந்தி அண்ணாச்சி, பொருளாளர் கயிறும் தார்ப்பாயும் விற்கிற சௌக்கத் அலி சாகிப், காரியதரிசி நான். பிசியோதெரபிஸ்ட் என்ற சொல்லை நான் இரண்டு தடவை வாசித்தும் அண்ணாச்சி காதில் அது 'பீஸு தராப்பிஸ்ட்' என்றே விழுந்தது. "பீஸு தராமப் பாக்குற ஆளா? அப்படின்னா ரொம்ப நல்லதாப் போச்சு, ரெண்டு பேராப் போடும்வே" என்றார். அதற்குள் சௌக்கத் அலி சாகிப் விளம்பரத்தையே எழுதி முடித்துவிட்டார். நர்ஸ் வேலைக்கு வருகிற பெண்கள் நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர்களாக, அடக்கமானவர்களாக, எதிர்த்துப் பேசாதவர்களாக, இரவும் பகலும் ஆஸ்பத்திரியிலேயே தங்குகிறவர்களாக இருக்க வேண்டும் என்று அச்சடித்து, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் சுவரில் ஒட்டினோம். அப்படிப்பட்ட பெண் இருந்தால் வீட்டுக்கு மருமகளாக அல்லவா கொண்டுபோவார்கள் என்று தங்கள் தங்கை சொன்னாள். அவளுக்கு ஆஸ்பத்திரி நிர்வாகம் தெரியாது. ஆனால் பத்து நாள் ஆகியும் ஒரு பெண்ணும் வரவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வந்தவர் வால்டர். காசிமேட்டில் தேகப்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர், மார்பு மட்டும் ஒரு கதவு அகலம். கை காலுக்குப் பயிற்சி கொடுக்கத் தெரியுமா என்று கேட்டேன். "அதான் சார் என் பொயப்பே" என்றார். பொய் சொல்லவில்லை, அதனால் நியமித்தோம். மறுநாளே பன்னிரண்டு நோயாளிகளையும் காலையில் எழுப்பி, எழுந்து உட்கார முடிந்தவர்களை உட்காரவைத்தும், முடியாதவர்களைத் தானே தூக்கி நிறுத்தியும், தண்டால், பஸ்கி எல்லாவற்றையும் வாயால் சொல்லிக்கொடுத்தார். நோயாளிகளுக்கு அவரை மிகவும் பிடித்துப்போய்விட்டது, ஏனென்றால் மூன்று மாதமாக அவர்களோடு பேச யாரும் இல்லை. டாக்டர் வந்து பார்த்தபோது இரண்டு கட்டில் கால் உடைந்திருந்தது, ஒருவருக்குத் தோள்மூட்டு பிசகியிருந்தது. டாக்டர் சத்தம் போட்டார். வால்டர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "இன்னா சார் பண்றது, எனக்கு நல்லா கீற ஒடம்பத் தான் தெரியும், நல்லா இல்லாத ஒடம்பு பேஜாரா கீது" என்றார். அவரை நிறுத்திவிடவில்லை. நோயாளிகளைத் தூக்கி இடம் மாற்ற ஒரு ஆள் தேவைப்பட்டது.

பிறகு மின்ட் தெருத் தரகர் ஒருவர், பரீட்சை கொடுத்துத் தேறிய நர்ஸ் என்று சொல்லி அங்கம்மா என்கிற பெண்ணைக் கூட்டிவந்தார். வெள்ளைச் சேலை, தலையில் மடிப்புக் குலையாத துணி, நடையில் ஒரு மிடுக்கு. அண்ணாச்சியே எழுந்து நின்றுவிட்டார். முதல் நாள் ஒரு நோயாளியின் முதுகுப் புண்ணைத் திறந்து கழுவச் சொன்னோம். அந்தப் பெண் அதைப் பார்த்தாள், நெற்றியில் புறங்கையை வைத்தாள், நோயாளி மேலேயே மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பி விசாரித்ததில், மூன்று வருஷமாக ஒரு நாடகக் கம்பெனியில் நர்ஸாக நடித்தவள், கம்பெனி கலைந்துபோய்ச் சோற்றுக்கு வழியில்லாமல் இருந்தவள் என்று தெரிந்தது. "நான் நர்ஸுன்னு சொல்லவே இல்ல சார், நர்ஸு வேசம்னு தான் சொன்னேன். புரோக்கர் தான் வேசத்த முழுங்கிட்டாரு" என்றாள். போகச் சொன்னோம். போகவில்லை. பாத்திரம் கழுவி, கஞ்சி ஊட்டி, சாயங்காலம் ஆனால் நோயாளிகளுக்குப் பழைய நாடகத்தில் நாலு பக்கம் வசனம் சொல்லிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். நாங்களும் ஆயா என்று பெயர் போட்டுக்கொண்டோம்.

இதற்கிடையில் ராயபுரம் மாதா கோயில் சாமியாரிடம் போய், உங்கள் பக்கத்துப் பெண்கள் இந்த வேலைக்குப் பெயர் பெற்றவர்கள் ஆயிற்றே என்று கேட்டேன். எங்கள் விளம்பரத்தை முழுதும் படித்துப் பார்த்து, கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு ஹில்டா என்கிற பெண்ணை அனுப்பினார். ரயில்வேக்காரர் மகள், முப்பத்தைந்து வயது இருக்கும். யுத்த காலத்தில் பெங்களூரில் ராணுவ ஆஸ்பத்திரியில் காலும் கையும் போன சிப்பாய்களை நடக்கப் பழக்கியவர், அதற்கு வெள்ளைக்கார அம்மா கையெழுத்துப் போட்ட சான்றிதழும் வைத்திருந்தார். இவ்வளவு தகுதியும் இருந்து என்ன, நாங்கள் சொல்வதற்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அண்ணாச்சி முறைப்படி ஆரம்பித்தார். அதற்கு அவர், "அத்த அப்பறம் சொல்றேன் சார். நர்ஸுங்க தங்கற ரூமுக்கு உள்பக்கம் தாப்பா கீதா?" என்று கேட்டார். இல்லை, வெளிப்பக்கம்தான் வைத்திருந்தோம். "பொண்ணுங்க தங்குற எடம்லா, நாங்களே வெளிய பூட்டிப் பத்திரமாப் பாத்துக்கிடுவோம்" என்று அண்ணாச்சி பெருந்தன்மையாகச் சொன்னார். "உள்ள கீறவங்க பத்திரத்த உள்ள கீறவங்க தான் சார் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு, நர்ஸுகளுக்குக் கக்கூஸ் எங்கே, எத்தனை மணி நேரம் வேலை, வாரத்தில் எந்த நாள் ஓய்வு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கக்கூஸ் என்ற சொல்லைக் கமிட்டியில் ஒரு பெண் உச்சரித்தது அதுவே முதல் தடவை. கேள்வி அதிகம் கேட்கிறார், வேண்டாம் என்று நோட்டில் எழுதி அனுப்பிவிட்டோம்.

இப்போது சிலுவைமுத்து விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஏழாம் நம்பர் கட்டில். கப்பலில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டியவர், இரும்புக் கட்டு சரிந்து தொடையில் விழுந்து எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, முழங்கால் மட்டும் மடங்காமல் கட்டையாக நின்றுவிட்டது. எட்டு மாதம் படுக்கை. நாலு பிள்ளைகள், மனைவி மீன் கருவாடு விற்கிறாள். அவர் வேலை பார்த்த சரக்குக் கம்பெனியார், ஆடிக் கடைசிக்குள் தன் காலால் நடந்து வந்து ஆஜர் கொடுத்தால் கேட்டில் டோக்கன் கொடுக்கிற வேலை தருகிறோம், இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவோம் என்று காகிதம் அனுப்பியிருந்தார்கள். அந்தக் காகிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். நான் வார்டுக்குப் போகும்போதெல்லாம் "நர்ஸம்மா எப்ப வருவாங்க செக்கரட்டரி சார்" என்று கேட்பார். நானும் "விளம்பரம் போட்டிருக்கிறோம்" என்பேன். அதை அவர் நம்பியதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆடி பிறந்து நாலு நாளில் ஒரு காலை நான் போகிறேன், வார்டுக்குள் ஹில்டா நிற்கிறார். சிலுவைமுத்துவின் மனைவி போய் அழைத்துவந்திருக்கிறாள். ஏழாம் நம்பர் கட்டிலுக்கு மேலே உத்தரத்தில் ஒரு கப்பி, அதில் கயிறு, கயிற்றின் ஒரு நுனி சிலுவைமுத்துவின் கால் பாதத்தில், இன்னொரு நுனி அவர் கையில். கயிறு நம் சௌக்கத் அலி சாகிப் கடைக் கயிறு. வால்டர் போய் என் பெயரைச் சொல்லி வாங்கிவந்தாராம். ஹில்டா சிலுவைமுத்துவின் முழங்காலுக்குக் கீழே கையைக் கொடுத்துக்கொண்டு, "எத்தினி டன்னு தூக்கிப் போட்ட ஆளு நீ. ஒன் காலு இன்னா ரெண்டு டன்னா கீது. மொள்ள இயு, வலிச்சா நிறுத்து, ஆனா வலிக்கப்போவுதுன்னு நிறுத்தாத" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிலுவைமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தார். அந்த முழங்கால் ஒரு விரற்கடை மடங்கியது. அங்கம்மா பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள், வசனம் சொல்கிற குரலில். நான் காரியதரிசி என்கிற முறையில், யார் உத்தரவின்பேரில் இது நடக்கிறது என்று கேட்டேன். ஹில்டா திரும்பாமலே, "வேலை குடுக்க மாட்டோம்னு தான சார் சொன்னீங்க, வேலை செய்யக் கூடாதுன்னு சொல்லலியே" என்றார். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். உண்மையில் அப்படி எழுதியிருக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் வந்தார், சம்பளம் கிடையாது. நான் பார்க்காதது மாதிரி இருந்துகொண்டேன். அதுவும் நிர்வாகத்தில் ஒரு பகுதி. இருபதாம் நாள் வால்டருக்குக் காய்ச்சல். நான் வார்டுக்குள் நுழைந்ததும் ஹில்டா, "வாங்க சார், இங்க வந்து நில்லுங்க" என்று என் கையைப் பிடித்துச் சிலுவைமுத்துவின் வலப்பக்கம் நிறுத்திவிட்டார். என்ன ஏது என்று கேட்பதற்குள் அந்த மனிதர் என் தோளில் கையைப் போட்டுக் கட்டிலை விட்டு எழுந்துவிட்டார். கஞ்சி போட்ட என் சட்டை கசங்கியது. "நைனா, உட்றாத" என்றார். என்னை அப்படி யாரும் அழைத்ததில்லை. ஓரடி, இரண்டடி, அப்படியே ஜன்னல் வரைக்கும் ஆறடி. என் கண்ணில் நீர் வந்தது உண்மை. அவர் அவ்வளவு கனம்.

ஆடிக் கடைசி நாள், திங்கட்கிழமை, ரிக்‌ஷாவில் போய் இறங்கி, ஒரு கோலை ஊன்றிக்கொண்டு சிலுவைமுத்து கம்பெனி கேட்டிலிருந்து ஆபீஸ் மேஜை வரைக்கும் தனியாக நடந்தார். நானும் கூடப் போயிருந்தேன். மேஜைக்கார குமாஸ்தா நல்ல மனிதர், எழுந்து கைகூடக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, சர்டிபிகேட் எங்கே என்றார். எதற்குச் சர்டிபிகேட், ஆளே நடந்து வந்திருக்கிறாரே என்றேன். "நடந்து வந்தத நான் பாத்தேன்யா. நான் பாத்தது பைலுல ஏறாது. ஆஸ்பத்திரில இவருக்குப் பயிற்சி குடுத்தவங்க கையெழுத்து, அவங்க உத்தியோகப் பேரு, சீலு, மூணும் வேணும். அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடிடும்" என்றார். அப்போது மணி பன்னிரண்டு. டாக்டர் ஊரில் இல்லை. பயிற்சி கொடுத்தவருக்கு உத்தியோகமே இல்லை. சிலுவைமுத்துவை ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னேன். "உக்காந்தா நடக்கலன்னு எய்திடுவாங்க சார், நான் நின்னுக்கினே கீறேன், நீ போய் வா" என்று சொல்லி, திரும்பிப் போய் கேட் தூணில் சாய்ந்துகொண்டார்.

ராயபுரத்தில் ஹில்டா வீட்டைச் சந்து சந்தாகத் தேடிக் கண்டுபிடிக்கவே மணி இரண்டரை ஆகிவிட்டது. மீன் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஆளு நின்னுக்கினா கீறாரு?" என்று மட்டும் கேட்டார். செருப்பைப் போட்டுக்கொண்டு என்னோடு ரிக்‌ஷாவில் ஏறிவிட்டார். அண்ணாச்சி கடையில் கமிட்டி கூடும்போது மூன்றே முக்கால். இந்தத் தடவை நாங்கள் நின்றோம், அவர்தான் உட்கார்ந்திருந்தார். கடையில் ஒரே ஒரு ஸ்டூல்தான் இருந்தது. "ஒரு மணி நேரந்தான் கீது. சீக்கிரம் கேக்கறேன், சீக்கிரம் சொல்லுங்க" என்று ஆரம்பித்தார். உள்தாழ்ப்பாள்? சரி. கக்கூஸ்? சரி. எட்டு மணி நேர வேலை? வாரம் ஒரு நாள் ஓய்வு? அங்கம்மாவை முறையாகப் படிக்க அனுப்புவது? சரி, சரி, சரி. "கடைசியா ஒண்ணு. நர்ஸுங்க எப்டி இருக்கணும்னு சுவத்துல ஒட்டினீங்களே, உங்க மூணு பேரு வூட்லேர்ந்தும் ஆளுக்கு ஒருத்தர் ஒரு வாரம் வார்டுல வந்து வேலை பாக்கணும். பாத்துட்டு அப்பறம் ஒட்டுங்க." அண்ணாச்சி முகம் எண்ணெய் வற்றிய விளக்குத் திரிபோலக் கறுத்தது. சௌக்கத் அலி சாகிப் கடிகாரத்தைப் பார்த்தார். "கேட்டுல ஒரு ஆளு நிக்கிறான் அண்ணாச்சி" என்றார். "எழுதும்வே" என்றார் அண்ணாச்சி. சபை சரித்திரத்தில் ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான். ஹில்டாவைப் பிசியோதெரபிஸ்டாக நியமித்தோம், அவர் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார், சீல் எப்போதும் என் மடியில் இருக்கும். சாகிபின் லாரியில் பறந்து, ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மேஜையில் காகிதத்தை வைத்தோம். குமாஸ்தா வாசித்து, பைலில் குத்தினார். சிலுவைமுத்து அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரை எழுப்ப நாங்கள் மூன்று பேர் வேண்டியிருந்தது. இப்போது தினமும் கேட்டில் டோக்கன் கொடுக்கிறார்.

தீர்மானப்படி சௌக்கத் அலி சாகிப் தானே வந்து ஒரு வாரம் இருந்து, நோயாளிகளுக்கு முகம் மழித்துவிடக் கற்றுக்கொண்டு போனார். அண்ணாச்சி தன் கணக்குப்பிள்ளையை அனுப்பினார். அந்த ஆள் வீட்டார் ஆகமாட்டார் என்று ஹில்டா திருப்பி அனுப்பிவிட்டார், விவகாரம் நடக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து தங்கள் தங்கை போனாள். மண்டியை விட்டு நான் அசைய முடியாது என்பது தாங்கள் அறிந்ததே. நேற்றோடு அவள் வாரம் முடிந்தது, நம் குடும்பத்தின் கடமையும் தீர்ந்தது.

ஆனால் நிர்வாகி என்கிறவன் ஒரு அனுபவத்திலிருந்து பாடம் கற்க வேண்டும். பன்னிரண்டு நோயாளிக்கு ஹில்டா ஒருவர் போதாது, ஆனால் இன்னொரு ஹில்டாவை எங்கள் கமிட்டி தாங்காது. ஆகவே தங்கள் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரிகளில் விசாரித்து, நான்கு நர்ஸுகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பவும். நம் ஊர்ப் பெண்களாக, சாந்தமாக, தாழ்ப்பாளைப் பற்றி முன்கூட்டிக் கேட்காதவர்களாக இருந்தால் நல்லது. நம் குடும்பத்துப் பெண்கள் யாரும் இந்த உத்தியோகத்துக்கு ஏற்றவர்கள் இல்லை என்பதைத் தாங்களும் ஒப்புக்கொள்வீர்கள், எனவே வெளியே பார்க்கவும். மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். தங்கள் பனைக்கெல்லாம் இந்த வருஷம் பாளை தழைக்கட்டும், தங்கள் பதில் தபாலில் தாமதிக்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்,
ஆறுமுகநயினார்,
காரியதரிசி.

பின்குறிப்பு: அண்ணனுக்குச் சீனியம்மாள் எழுதுவது. எழுத்துப்பிழை பார்த்துத் தபாலில் போடு என்று உங்கள் மைத்துனர் இதை என்னிடம் கொடுத்தார்கள். பிழை பார்த்தேன். அண்ணே, அந்த ஆறடி நடந்த அன்றைக்கு இவர்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், கனத்தால் அல்ல. பெண்களை அனுப்புங்கள். தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்கிற பெண்களாகப் பார்த்து அனுப்புங்கள். கேட்காதவளுக்கு நோயாளி வலிக்கிறது என்று சொன்னாலும் காதில் விழாது. ஒரு ஆளை வலிக்காமல் புரட்டிப் படுக்கவைக்க எனக்கு நாலு நாள் பிடித்தது. ஐந்தாம் நாள் ஒருவர், 'தாயி, நீ கை வச்சா தெரியவே இல்ல' என்றார். இருபத்திரண்டு வருஷம் சமைத்துப் போட்டதற்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. நேற்று ஹில்டா ஐந்து காகிதம் கையெழுத்துக்கு அனுப்பினார்கள். இவர்கள் வழக்கம்போல வாசிக்காமல் ஐந்திலும் போட்டு, சீலும் குத்திவிட்டார்கள். அதில் மூன்றாவது, உதவி நர்ஸாக என்னை வேலைக்கு எடுத்த உத்தரவு. இன்றைக்கு மத்தியானம் நான் புறப்படும்போது, உன் வாரம்தான் முடிந்துவிட்டதே, சாயங்காலம் குழம்பு என்ன என்று கேட்டார்கள். என் டூட்டி எட்டு மணிக்குத்தான் முடியும் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.